சமய வரலாற்றுப் பாடம் குறித்து 9, 10ஆம் வகுப்புப் பெற்றோருக்குத் தலைமையாசிரியர் கடிதம்

மதிப்பிற்குரிய பெற்றோர்களுக்கு வணக்கம்.

சென்ற வாரம் ஒன்பதாம் வகுப்பில் ஆசிரியர் வராத பாடவேளை ஒன்றில் நான் சென்று, சமயம் என்றால் என்னவென்று எழுதித் தரச் சொன்னேன். தமிழில் படித்து மலையாளத்தில் விளையாடும் நம் சித்தூர் வட்டப் பிள்ளைகள் மூவர் "நேரம்" என்று எழுதியிருந்தார்கள். அது தவறும் அன்று. "மதம்" என்று மாற்றிக் கேட்டேன். யானைக்குப் பிடிப்பது என்றான் ஒருவன். சிரித்து ஓய்ந்தபின் வந்த விடைகளில் பெரும்பாலானவை, சேர்க்கைப் படிவத்தில் நிரப்பவேண்டிய ஒரு கட்டம் என்பதற்கு மேல் செல்லவில்லை. சிலர் தங்கள் சாதியையே எழுதிவிட்டனர்.

கல்பாத்தித் தேரும் பெருநாள் பிரியாணியும் வேளாங்கண்ணிப் பயணமும் இவர்களுக்கு நன்றாகத் தெரியும். ஆனால் இவற்றின் பின்னே மனிதர்கள் காலங்காலமாகச் சிந்தித்தும் வாதிட்டும் வந்திருக்கிறார்கள் என்பது தெரியவில்லை. மதம் என்ற சொல்லுக்குத் தமிழில் கொள்கை என்றும் பொருள் உண்டு. நன்னூல் கூறும் எழுவகை மதத்தில் பிறர் கருத்தை உடன்படுவதும் மறுப்பதும் அடங்கும். மணிமேகலையோ வஞ்சியில் பல சமயத்தாரிடமும் அவரவர் கொள்கையைக் கேட்டறிகிறாள். பாலக்காட்டில் ஜைனிமேடு என்ற பெயரைப் பிள்ளைகள் அறிவார்கள். அங்கே சமணக் கோயில் இருப்பதால் வந்த பெயர் அது என்று வகுப்பில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

ஆகவே வரும் மாதம் வாரம் ஒரு பாடவேளையை இதற்கென ஒதுக்கியுள்ளோம். இது மதபோதனையாகுமா என்று இரு பெற்றோர் தொலைபேசியில் கேட்டார்கள். கேட்டது நியாயமே. முழுவதும் அரசு நிதியில் நடக்கும் கல்விக்கூடத்தில் மதபோதனை கூடாது என்பது அரசியலமைப்பின் 28ஆம் பிரிவு. நம் பள்ளி அதற்குக் கட்டுப்பட்டது. எந்த வழிபாடும் கற்பிக்கப்படாது, எதுவும் உயர்ந்தது தாழ்ந்தது என்று சொல்லப்படாது. 1924இல் ஆலுவாயில் ஸ்ரீ நாராயண குரு கூட்டிய சர்வமத மாநாடு, வாதித்து வெல்வதற்கன்று, அறியவும் அறிவிக்கவுமே என்று தன் நோக்கத்தை அறிவித்தது. எங்கள் எல்லையும் அதுவே.

முதல் பணியாக, வீட்டில் வழக்கமாகச் செய்யும் ஒரு சடங்கை ஏன் செய்கிறோம் என்று பெரியவர்களிடம் கேட்டு ஒரு பக்கம் எழுதிவரச் சொல்லியிருக்கிறோம். "தெரியாது, எங்கள் அம்மாவும் இப்படித்தான் செய்தார்" என்ற விடையும் ஏற்கப்படும். நம்பிக்கையில்லாத குடும்பத்தார் அதையே சொல்லலாம். அறிவியல் கண்காட்சி மாதிரிகளில் நிகழ்ந்ததுபோல, தயவுசெய்து நீங்களே எழுதிக் கொடுத்துவிடாதீர்கள். ஏடுகள் வெள்ளிக்கிழமைக்குள் வகுப்பாசிரியரிடம் வந்து சேரவேண்டும்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்