மேட்டூர் டேம்ல பரிசல் போடுற அண்ணன்மாருக்கும் மீன் எடுக்குற வியாபாரிங்களுக்கும்

எல்லாருக்கும் வணக்கமுங்க. நானும் பண்ணவாடி பக்கம் பரிசல்காரர் வீட்டுப் புள்ளதான், அப்பா இருபத்தஞ்சு வருசம் லைசென்ஸ் வச்சு ரங்கூன் வலை (மீன் வந்து செவுள்ல மாட்டிக்கற வலை) போட்டவரு, அதனால குஞ்சு மீன வாராதீங்கன்னு வெளியாளு வந்து புத்தி சொல்றான்னு நினைச்சுக்காதீங்க.

போன வாரம் கரையில ஒரு கிலோ பொடிமீன் வாங்கிட்டு வீட்டுக்குப் போனேன். அம்மா கழுவ உக்காந்தவங்க பாதியில கைய நிறுத்திட்டு "டேய் இது பொடிமீன் இல்லடா, கட்லா குஞ்சு"ன்னாங்க. பாத்தா ஆமாங்க, பெரிய தலை, மேல பாத்த வாய், ஒவ்வொண்ணும் விரல் நீளந்தான் இருக்கும். எண்ணிப் பாத்தோம், நாப்பத்திமூணு. தண்ணியும் தீனியும் நல்லா இருந்தா ஒரு வருசத்துல ஒண்ணொண்ணும் ஒரு கிலோ வந்திருக்கும், பாதி செத்தாலும் இருபது கிலோ மீனுங்க. அம்மா அன்னிக்கு அடுப்பே பத்த வைக்கல.

இது ரங்கூன் வலையில சிக்கினது இல்லைன்னு உங்களுக்கே தெரியும், அலிவி, அதான் கரைக்கு இழுக்குற பொடிக்கண்ணு வலை, அத இழுத்தாத்தான் இப்படி பொடிசு வரைக்கும் வாரிட்டு வரும். டேம் நெறஞ்சு தண்ணி 120 அடி நிக்கும்போதாச்சும் மீனுக்கு ஓடி ஒளிய எடம் இருக்கு, கோடையில எறங்கி, தண்ணிக்குள்ள முழுகிக் கெடக்குற பழைய நந்தி சிலையும் சர்ச் கோபுரமும் வெளிய தெரியுற நேரத்துல எல்லா மீனும் ஒடுங்கி ஒரே பக்கமா கெடக்கும், அப்ப போய் அலிவி போட்டா அடுத்த ரெண்டு வருசத்துக்கு நம்ம வலையில என்னங்க விழும்? கட்லா நின்ன தண்ணியில முட்டை விடாது, அதுக்கு ஓடுற புதுவெள்ளம் வேணும், அதனாலதான் வருசா வருசம் குஞ்சு வாங்கி விட வேண்டியிருக்கு. விட்ட குஞ்சையே நாம வாரிட்டா எப்படி.

டேம் 1934ல வர்றதுக்கு முன்னாடி கடல்லேந்து உல்லம் மீன் (ஹில்சான்னு சொல்றாங்களே, அது) காவிரியில மேல ஏறி வருமாம், செவுரு வந்ததும் வரத்து நின்னுபோச்சு. கட்லாவையும் அந்த மாதிரி கதையா நம்ம புள்ளைங்களுக்கு சொல்ற நிலைமை வந்துரக்கூடாதுன்னுதான் கெடந்து அடிச்சுக்கறேன்.

வியாபாரி அண்ணா, உங்களுக்கு ஒண்ணு. அட்வான்ஸ் வாங்கினவரு தினமும் எதையாச்சும் கொண்டாந்து தராசுல போட்டே ஆகணும்னு இருக்கறதாலதான் பல பேரு ராத்திரியில அலிவிய தொடுறாங்க. தண்ணி கொறைஞ்ச மாசத்துல கடன் கேக்காம கொஞ்சம் தள்ளி வைங்க, அரை கிலோவுக்கு கீழ இருக்குற கட்லா, ரோகு எடுக்க மாட்டோம்னு எல்லா வியாபாரியும் சேர்ந்து சொல்லிருங்க. வாங்க ஆளில்லன்னா யாரும் இழுக்க மாட்டாங்க.

வர்ற ஞாயித்துக்கிழமை காலைல ஏழு மணிக்கு பண்ணவாடி பரிசல் துறையில இருப்பேன். கோட்டையூர், நாகமறை, ஏமனூர் ஆளுங்களும் வாங்க, பேசுவோம். அப்பாவும் வர்றேன்னு சொல்லியிருக்காரு.