அக்ரா மண்டப வாசலில் உட்கார்ந்த பெண்கள்

ஆசிரியருக்கு,

மேற்கு ஆப்பிரிக்க நாடான லைபீரியாவின் உள்நாட்டுப் போரை ஐ.நா. முடித்துவைத்தது என்று உங்கள் ஞாயிறு கட்டுரை ஒரே வரியில் சொல்லிவிட்டது. வரலாற்றுப் பாடம் நடத்தியவன் என்பதால் சும்மா இருக்க முடியவில்லை. ஐ.நா. அமைதிப் படை பொறுப்பேற்றது 2003 அக்டோபரில்தான். 1990 ஆகஸ்டிலேயே நைஜீரியா முன்னின்று நடத்திய மேற்கு ஆப்பிரிக்க நாடுகளின் எகோமாக் படை லைபீரியத் தலைநகர் மன்ரோவியாவில் இறங்கிவிட்டது. அந்தப் படையினர் சிலர் கொள்ளையடித்ததும் உண்மை, அதையும் எழுதுங்கள். கோட்டோனூ, அபுஜா என்று ஊர்ப் பெயர்களில் அமைதி ஒப்பந்தங்கள் குவிந்தன. 1997 தேர்தலில் கிளர்ச்சித் தலைவர் சார்லஸ் டெய்லரே ஜெயித்தார். 1999இல் மறுபடியும் போர்.

சரி, 2003க்கு வருவோம். கானா தலைநகர் அக்ராவில் அமைதிப் பேச்சு வாரக்கணக்கில் இழுத்தது. தளபதிகளுக்கு ஹோட்டல் வாசம், மன்ரோவியா மக்களுக்குக் குண்டு மழை. லைபீரிய அமைதிப் போராளி லேமா போவீயும் அவருடைய தோழிகளும் மண்டப வாசலில் கைகோத்து உட்கார்ந்து, பிரதிநிதிகளை வெளியே விடமாட்டோம் என்றார்கள். நடுவர் அப்துல்சலாமி அபூபக்கரே வந்து பேச வேண்டியதாயிற்று. ஆகஸ்ட் 11இல் டெய்லர் பதவி விலகினார். 18இல் ஒப்பந்தம் கையெழுத்தானது. 2011இல் நோபல் அமைதிப் பரிசைப் பகிர்ந்துகொண்ட போவீயின் பெயர்கூட கட்டுரையில் இல்லை.

- ஓய்வு பெற்ற வரலாற்று ஆசிரியர்