பனூஃப்னிக்கின் கதை போதும், இசையை வாசியுங்கள்

சிம்பொனி இசைக்குழுக்களின் நிகழ்ச்சி நிரலைத் தீர்மானிக்கும் அன்பர்களுக்கு,

வணக்கம். உங்களில் யாரையும் எனக்குத் தெரியாது. உங்கள் அரங்குகளில் நடப்பதைத் தொலைவிலிருந்து ஒலிபரப்பில் கேட்கும் ரசிகன் நான். கேட்க வந்தது ஒன்றுதான். போலந்தின் இசையமைப்பாளர் ஆந்த்ஜெய் பனூஃப்னிக்கை நூற்றாண்டு, நினைவுநாள், அடக்குமுறைக் காலத்து இசை போன்ற சிறப்பு நாட்களுக்கென்று ஒதுக்கி வைக்காதீர்கள். பிராம்ஸும் பீத்தோவனும் வாசிக்கும் சாதாரணக் கச்சேரியில் அவருக்கும் ஓர் இடம் கொடுங்கள்.

அவருடைய கதையில் விறுவிறுப்புக்குப் பஞ்சமில்லை. சிக்கலே அதுதான். 1914இல் வார்சாவில் பிறந்தார். அப்பா வயலின் செய்பவர், அம்மா வாசிப்பவர். வியன்னாவில் புகழ்பெற்ற நடத்துநர் வைன்கார்ட்னரிடம் இசைக்குழு நடத்தக் கற்றார். ஜெர்மானிய ஆக்கிரமிப்பில் பொதுக் கச்சேரிகள் நின்றுபோக, நண்பரும் சக இசையமைப்பாளருமான லூட்டோஸ்வாவ்ஸ்கியும் அவரும் வார்சாவின் காபிக் கடைகளில் இரண்டு பியானோக்களில் வாசித்துப் பிழைத்தார்கள். ஜெர்மானியருக்கு எதிராக வார்சா மக்கள் ஆயுதம் ஏந்திய 1944 எழுச்சிக்குச் சற்று முன்பு, நோயுற்ற தாயை அழைத்துக்கொண்டு நகரை விட்டு வெளியேறினார். எழுச்சி அவருடைய சகோதரரைப் பலிகொண்டது. மறு ஆண்டு திரும்பி வந்தபோது நகரம் இடிபாடாகக் கிடந்தது. அவர் விட்டுப்போன கைப்பிரதிகள் குண்டுகளுக்குத் தப்பியிருந்தன. ஆனால் அந்த வீட்டில் குடியேறிய யாரோ ஒருவர் அத்தனையையும் நெருப்பில் போட்டிருந்தார். முப்பது வயது வரை எழுதியதெல்லாம் அதோடு போயிற்று.

அவற்றில் சிலவற்றை மட்டும் நினைவிலிருந்து மறுபடி எழுதினார். ‘சோக முன்னிசை’ அப்படி மீண்டதுதான். சகோதரரின் நினைவுக்கு அதைக் காணிக்கையாக்கினார். வெறும் நான்கு சுரங்கள் கொண்ட ஒரு துண்டு, முதலிலிருந்து கடைசிவரை விடாமல் துரத்துகிறது. ஒரு இடத்தில் டிராம்போன் வழுக்கிக்கொண்டே இறங்குகிறது. தூரத்தில் மறையும் விமானத்தின் இரைச்சல் அது. சுமார் எட்டு நிமிடம்தான். முடிகிறபோது பக்கத்திலிருப்பவரிடம் பேசத் தோன்றாது. இதைக் கேட்க ஒருவருக்கு வார்சாவின் வரலாறு தெரிந்திருக்க வேண்டுமா என்ன?

1947இல் எழுதிய ‘தாலாட்டு’ இதற்கு நேர் எதிர். இருபத்தொன்பது தந்திக் கருவிகள், இரண்டு ஹார்ப்புகள். நாட்டுப்புற மெட்டு ஒன்று மெல்ல நகர, சுற்றிலும் கால்சுர இடைவெளிகளில், அதாவது பியானோவின் அடுத்தடுத்த கட்டைகளுக்கு இடையிலுள்ள தூரத்தில் பாதி அளவில், தந்திகள் புகைமூட்டம் போலக் கலங்குகின்றன. அந்தக் காலத்தில், அதுவும் போரிலிருந்து அப்போதுதான் எழுந்த ஒரு நாட்டிலிருந்து, இப்படியொரு துணிச்சலா என்று இன்றும் வியக்கிறேன்.

பிறகு நடந்தது உங்களுக்கே தெரியும். நிகழ்ச்சிக் கையேடுகளில் நீங்கள் விரும்பி அச்சிடும் பகுதி அல்லவா? ‘சின்ஃபோனியா ரஸ்டிகா’வுக்கு 1949இல் பரிசு கிடைத்தது. கொஞ்ச நாளில் அதே சிம்பொனி மக்களுக்கு அந்நியமானது என்று கம்யூனிஸ்ட் அரசின் அதிகாரிகளின் கண்டனத்துக்கு ஆளானது. இத்தனைக்கும் அது போலந்துக் கிராமத்துக் காகித வெட்டுக் கலையின் சமச்சீரை வைத்துக் கட்டிய இசை! 1954 ஜூலையில் கச்சேரி நடத்த சூரிக் போனவர் அங்கிருந்து லண்டனுக்குத் தப்பினார். தாய்நாட்டில் அவர் பெயரும் இசையும் தடைசெய்யப்பட்டன. 1977இல்தான் வார்சாவில் மறுபடி அவர் இசை ஒலித்தது. அவர் நேரில் போக 1990 ஆயிற்று. மறு ஆண்டே இங்கிலாந்தில் காலமானார்.

இங்கிலாந்து வாழ்வில் எனக்குப் பிடித்த செய்தி வேறு. 1957 முதல் பர்மிங்ஹம் இசைக்குழுவின் தலைமை நடத்துநராக இருந்தார். நிரந்தரச் சம்பளம், கௌரவம், எல்லாம் இருந்தன. எழுத நேரமில்லை என்று 1959இல் அதை விட்டுவிட்டார். அந்த முடிவின் பலன்தான் 1963இன் ‘சின்ஃபோனியா சாக்ரா’. நான்கு எக்காளங்கள் தனியாக முழங்கித் தொடங்குகின்றன. அடுத்து தந்திகள் மட்டும், கேட்கிறதா இல்லையா என்ற அளவில். அப்புறம் தாளக்கருவிகளின் கலவரம். கடைசியில், போலந்தின் மிகப் பழைய மாதா துதிப்பாடலான ‘போகுரோஜிட்சா’ கொஞ்சம் கொஞ்சமாக மேலெழுந்து அரங்கையே நிறைக்கிறது.

எல்லாமே இந்தத் தரம் என்று சொல்ல மாட்டேன். வடிவியல் வரைபடங்களை வைத்து அவர் கட்டிய பிற்காலப் படைப்புகள் சில என் மனதைத் தொடவே இல்லை. மதிக்கிறேன், அவ்வளவுதான். ஆனால் பாஸ்டன், சிகாகோ இசைக்குழுக்கள் தங்கள் நூற்றாண்டுக்கு அவரிடம்தான் சிம்பொனி கேட்டு வாங்கின. செல்லோ மேதை ரோஸ்ட்ரோபோவிச்சுக்காகச் செல்லோ கான்செர்ட்டோ (தனிக்கருவியும் இசைக்குழுவும் சேர்ந்து வாசிக்கும் படைப்பு) எழுதியவர் அவர். ஆகவே, ‘பெயர் தெரியாதவர், டிக்கெட் விற்காது’ என்ற பதிலை ஏற்பதற்கில்லை. உங்கள் முன்னோர்களே அவரை நம்பினார்கள்.

புதிதாக எதையும் ஒதுக்கச் சொல்லவில்லை. முதல் பத்து நிமிடத்துக்கு ஏதாவது ஒரு முன்னிசையை எப்படியும் போடுகிறீர்கள். அங்கே ‘சோக முன்னிசை’யைப் போடுங்கள். இடைவேளைக்குப் பின் ‘சின்ஃபோனியா சாக்ரா’ தாராளமாகத் தாங்கும். ‘தாலாட்டு’க்கு ஒத்திகை கூடுதலாக வேண்டியிருக்கும், கால்சுரங்களைச் சேர்ந்து பிடிப்பது எளிதல்ல, அந்தச் செலவைக் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள். கையேட்டில் தப்பியோடிய கதைக்கு ஒரு பத்தி போதும், மீதி இடத்தில் அந்த நான்கு சுரங்களைப் பற்றி எழுதச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஒரு ரசிகன்