சர்ச் ரிப்பேருக்கான வாட் (மதிப்புக் கூட்டு வரி) ரீஃபண்டை நிறுத்திடாதீங்க: ஈம் கிராமத்துலேருந்து ஒரு மனு

அனுப்புநர்: கிராமவாசி ஒருத்தர், ஈம், டெர்பிஷயர், இங்கிலாந்து
பெறுநர்: மாண்புமிகு கலாச்சாரத் துறை அமைச்சர் அவர்கள், லண்டன்
நாள்: செப்டம்பர் 2025
பொருள்: பழைய வழிபாட்டுத் தலங்களுக்கான வாட் மானியத்தைத் தொடரக் கோருதல்

மதிப்பிற்குரிய மேடம், வணக்கம்.

பீக் டிஸ்ட்ரிக்ட் மலைக்குள்ள, ஆயிரம் பேர் கூட இல்லாத ஊரு எங்களோடது. 1665-ல லண்டன்லேருந்து ஒரு டெய்லருக்கு வந்த துணியோட பிளேக்கும் சேர்ந்து வந்துச்சு, மறு வருஷம் ஜூன்ல பாதிரியார் மாம்பசன் சொன்னதைக் கேட்டு சனங்க வெளியூருக்குப் பரவக்கூடாதுன்னு ஊரையே பூட்டிக்கிட்டாங்க, செயின்ட் லாரன்ஸ் சர்ச்சுக்குள்ள கூடுனா தொத்திக்கும்னு பக்கத்துப் பள்ளத்தாக்குல வெட்டவெளியில பூசை வெச்சாங்க, எல்லைக்கல்லுக் குழியில வினிகர் ஊத்தி காசைப் போட்டு வெச்சா வெளியூர்க்காரங்க சாப்பாட்டை வெச்சுட்டு காசை எடுத்துட்டுப் போவாங்க. சுமார் 260 பேர் செத்துப் போய்ட்டாங்க. பாதிரியார் சம்சாரம் கேத்தரினும் அதுல ஒருத்தர், அவங்க கல்லறை இன்னும் சர்ச் வளாகத்துலதான் இருக்கு. கொரோனா நேரத்துல பேப்பர், டிவின்னு எங்க ஊரு பேரு நல்லாவே அடிபட்டுச்சு, சந்தோஷம்தான். ஆனா பெருமை கூரையை அடைக்காதே மேடம்!

எந்தக் கிராமத்து சர்ச்சா இருந்தாலும் ரிப்பேர் அந்த ஊர் பாரிஷ் கமிட்டி தலையிலதான் விழுது. கேக் வித்து, டீ வித்து, உண்டியல் வெச்சுத்தான் காசு சேக்குறாங்க. ரிப்பேர் செலவுக்கு மேல 20 சதவீதம் வாட் வேற கட்டணும். புதுசா வீடு கட்டுனா வாட் கிடையாது, எண்ணூறு வருஷத்துச் சுவரைப் பூசுனா உண்டு, இது என்ன நியாயம்னு தெரியல. இதுக்காகத்தான் 2001-லேருந்து வாட்டைத் திருப்பிக் குடுக்குற ஸ்கீம் ஓடுது. இப்ப அதுக்கு வருஷம் 2.3 கோடி பவுண்டுதான்னு சுருக்கிட்டீங்க, ஒரு சர்ச்சுக்கு வருஷத்துக்கு 25,000 பவுண்டுக்கு மேல இல்லன்னுட்டீங்க, அதுவும் 2026 மார்ச் 31 வரைக்கும்தானாம். ரெண்டு லட்சம் பவுண்டுக்குக் கூரை வேலை வந்தா வாட் மட்டும் 40,000, மீதி 15,000 பவுண்டை சின்ன ஊரு எங்க போய்ப் பொரட்டும்? கூரை வேலையை ரெண்டு வருஷமாப் பிரிச்சுச் செய்யவும் முடியாது, பாதியில விட்டா மழை உள்ள வந்துடும்.

அதனால மார்ச்சுக்கு அப்புறமும் இந்த மானியம் தொடரணும், உச்சவரம்பை எடுக்கணும், முடியலன்னா கிராமத்து சர்ச்சுங்களுக்காவது தளர்த்தணும். முடிவை டிசம்பருக்குள்ள சொல்லிட்டா கான்ட்ராக்டர்கிட்ட நம்பிப் பேச வசதியா இருக்கும்.

இப்படிக்கு,
ஈம் கிராமவாசி