ரெண்டாங்கட்டுச் சாவி

பள்ளத்தூர்,
கார்த்திகை மாதம்

அன்புள்ள தம்பி சிதம்பரத்துக்கு,

ஆத்தா எழுதுவது. இங்கு அப்பச்சியும் நானும் நலம். நீ, மீனா, பிள்ளை எல்லாரும் நலமா?

பொங்கலுக்கு வரும்போது ரெண்டாங்கட்டு அறைகளை நீயே திறந்து கூட்டிச் சுத்தம் செய்வதாகப் போனில் சொன்னாயே, அது வேண்டாம். ஐப்பசி மழையில் வடக்கு மூலை ஓடு நகர்ந்து சாமான் அறைக்குள் தண்ணீர் இறங்கிவிட்டது. போன வாரம் கதவைத் திறந்து பார்த்தேன். பாய், கொட்டான் எல்லாம் பூசணம் பூத்துக் கிடக்கின்றன. ஐயா காலத்து மரப்பெட்டி மேல் சாம்பல் நிறத்தில் முடி முளைத்த மாதிரி இருக்கிறது. ஆள் வைத்துச் சுத்தம் செய்துகொள்கிறேன். நீ உள்ளே போகாதே.

சின்ன வயதில் அங்கேதானே ஒளிந்து விளையாடினேன் என்பாய். அப்போது வேறு.

தீபாவளிக்கு வந்து நாலு நாள் இருந்தாய். பட்டாலையில் படுத்திருந்த எனக்கு ராத்திரி மூன்று தடவை செம்புச் சத்தம் கேட்டது. மூன்று தடவையும் பின்கட்டுக்குப் போய் வந்தாய். காலையில் கொடியில் கிடந்த உன் பேண்டை மடிக்கும்போது பெல்ட்டைப் பார்த்தேன். கடையில் போட்ட ஓட்டை ஐந்து. ஆறாவது ஆணியால் குத்தியது, ஓரம் பிசிறு பிசிறாக இருந்தது. நான் எதுவும் கேட்கவில்லை. இப்போதும் கேட்கவில்லை.

உனக்கு நாற்பத்தொன்று ஆகிறது. அத்தனை பேருக்கு மேலே உட்கார்ந்து வேலை வாங்குகிறாய். கோயிலில் யாரைப் பார்த்தாலும் உன்னைப் பற்றித்தான் பேச்சு, கேட்கக் கேட்க எனக்கு வயிறு குளிர்ந்துவிடும். அப்படிப்பட்ட பிள்ளைக்கு ஆத்தாவிடம் ஒரு வார்த்தை சொல்ல வாய் வரவில்லை. சரி, போகட்டும். மூன்று மாதச் சர்க்கரை என்று ஒரு ரத்தப் பரிசோதனை இருக்கிறதே, அதை மட்டும் பார்த்துவிடு. ஏழுக்குள் இருக்க வேண்டும்.

தைப்பூசத்துக்குக் குன்றக்குடியிலிருந்து பழனிக்கு நடக்க வேண்டுதல் வைத்திருப்பதும் தெரியும். விரலிடுக்கில் சேற்றுப்புண் இருக்கிறதா என்று பார். இருந்தால் ஆற்றிவிட்டு நட. சர்க்கரை உள்ளவர்களுக்கு அந்தச் சின்னப் பிளவு போதும், கிருமி உள்ளே போய்விடும். முருகன் ஒரு வருஷம் பொறுப்பான்.

இத்தனை வருஷமாக உன்னிடம் சொல்லாத ஒன்றை இப்போது எழுதுகிறேன். அப்பச்சியின் கண் போனதற்கு ஆஸ்பத்திரியில் கவனிக்காததுதான் காரணம் என்று உன்னிடம் சொன்னேன். அது பொய்.

2021 மே மாதம் கொரோனாவில் ஆக்ஸிஜன் வைத்துப் பிழைத்து வீட்டுக்கு வந்தார் அல்லவா? அனுப்பும்போதே சொன்னார்கள், ஸ்டீராய்டு மருந்து சர்க்கரையை ஏற்றும், தினமும் மூன்று வேளை பார்த்து எழுதி வையுங்கள் என்று. நீ அனுப்பிய மீட்டர் பெட்டியை அலமாரியில் வைத்தேன், பிரிக்கவே இல்லை. செத்துப் பிழைத்து வந்த மனுஷனுக்கு உடம்பு தேற வேண்டுமே என்று தினமும் கவுனி அரிசி வேகவைத்து, தேங்காய்ப்பூவும் சீனியும் அள்ளிப் போட்டுக் கொடுத்தேன். கிண்ணம் காலியானால் எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

அப்புறம் இடது கன்னம் வலிக்கிறது, மேல்பல் ஆடுகிறது என்றார். கிராம்பு வைத்தேன். மூக்கிலிருந்து கருப்பாக வந்தது. காய்ந்த ரத்தம் என்று சொல்லி முந்தானையால் துடைத்துவிட்டேன். ஒரு நாள் இல்லை தம்பி, நாலு நாள் துடைத்தேன். ஐந்தாம் நாள் கண் வீங்கி, ஒரு ஆள் ரெண்டாகத் தெரிகிறான் என்ற பிறகுதான் மதுரைக்குக் கார் பிடித்தேன். சர்க்கரை 480 இருந்தது.

அங்கே டாக்டர் உட்கார வைத்துச் சொன்னார். இது கருப்புப் பூஞ்சை நோய், பழைய ரொட்டியில் பூக்கிற பூசண இனம்தான். மண்ணிலும் தூசியிலும் காற்றிலும் எப்போதும் இருக்கிறது, எல்லாரும் மூச்சில் இழுக்கிறோம், உடம்பு அதைத் தின்றுவிடும். சர்க்கரை ஏறிக் கிடந்தால் வெள்ளை அணுக்கள் சோர்ந்துபோகும். ரத்தத்தில் அமிலம் கூடினால் அதிலுள்ள இரும்பு பிரிந்து பூசணத்துக்குத் தீனியாகிவிடும். ரத்தக்குழாய்க்குள் வளர்ந்து அடைக்கும், ரத்தம் போகாத சதை செத்துக் கருப்பாகும். அந்தக் கருப்பு பூசணத்தின் நிறமில்லை, செத்த சதையின் நிறம். நான் துடைத்துக்கொண்டிருந்தது அதைத்தான்.

நாலு நாள் முந்தி வந்திருந்தால் கண் பிழைத்திருக்குமா என்று கேட்டேன். அவர் பதில் சொல்லாமல் பேப்பரைப் பார்த்தார். பூசணத்தைக் கொல்லும் ஆம்போடெரிசின் ஊசிக்கு அப்போது ஊரெல்லாம் அலைந்தது உனக்கே தெரியும். இன்றும் அப்பச்சியின் மேல் அண்ணத்து ஓட்டையை மூடும் தட்டைக் கழற்றி நான்தான் கழுவுகிறேன். அது இல்லாமல் தண்ணீர் குடித்தால் மூக்கு வழியாக வந்துவிடும். என்னை ஒரு வார்த்தை கேட்டதில்லை அப்பச்சி. முகப்பில் உட்கார்ந்தால் வலது பக்கம் தெருவுக்குத் தெரியும்படி உட்காருகிறார், அவ்வளவுதான்.

உன்னைப் பயமுறுத்த எழுதவில்லை. சர்க்கரை உள்ள எல்லாருக்கும் இது வருவதில்லை, கட்டுக்குள் இருந்தால் பயம் ரொம்பக் குறைவு என்றும் அவர் சொன்னார். மாத்திரையை விடாதே. ஒரு பக்கமாக முகம் வலித்தாலோ, மூக்கடைத்துக் கருப்பாக வந்தாலோ, கண் வீங்கினாலோ அன்றைக்கே போ, மறுநாள் பார்க்கலாம் என்று இருக்காதே. மூன்று மாதச் சர்க்கரை பார்.

ரெண்டாங்கட்டுச் சாவியை என் இடுப்பில் முடிந்து வைத்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை போன் செய்யும்போது அந்தச் சர்க்கரை எண்ணை மட்டும் சொல். எப்போதிலிருந்து, ஏன் சொல்லவில்லை என்று ஒன்றும் கேட்க மாட்டேன். அப்பச்சிக்குக் கேட்காதபடி பின்கட்டுக்குப் போய்ப் பேசுகிறேன்.

இப்படிக்கு,
ஆத்தா