இன்சோல் வாங்குவதற்கு முன்னால்

அன்புள்ள மகளுக்கு,

இன்சோல், அதாவது செருப்புக்குள் வைக்கும் மெத்தை, வாங்கலாமா என்று கேட்டு, உள்ளங்கால் குழி ஆழமாகிவரும் உன் இடது பாதத்தை எடுத்து நீ அனுப்பிய போட்டோ வந்தது. நேர் முன்னாலிருந்து எடுத்தும் இடது குதிகாலின் உள்பக்கம் எட்டிப் பார்க்கிறது. குதிகால் உள்நோக்கித் திரும்பியிருந்தால்தான் அப்படித் தெரியும். உன் செருப்பு வெளியோரமாகத் தேய்வதும் கணுக்கால் அடிக்கடி பிசகுவதும் அதனால்தான்.

உள்ளங்கால் குழி ஆழமாக இருப்பது பலருக்கு உடல்வாகு. வலி இல்லையென்றால் விட்டுவிடலாம். ஆனால் உனக்கு ஒரு கால் மட்டும், அதுவும் இப்போதுதான் மாறுகிறது. அதை நான் லேசாக எடுத்துக்கொள்ள மாட்டேன். தண்டுவடத்தில் கட்டியோ வேறு கோளாறோ இல்லை என்று உறுதியாகும் வரை நரம்பு டாக்டரை விடாதே. முதுகுக்கு எம்ஆர்ஐ எடுக்கச் சொல்வார், எடுத்துவிடு. இரண்டு காலும் இப்படி இருந்திருந்தால் முதலில் சார்கோ-மேரி-டூத் என்ற பரம்பரை நரம்பு நோயைத்தான் நினைத்திருப்பேன். அதில் சில தசைகள் சோர்ந்துபோகும், எதிர்த்தசைகள் இழுத்த இழுப்புக்குப் பாதம் வளையும். பழைய எலும்பு முறிவு, போலியோ, சரியாகத் திருத்தாத பிறவிக் கோணல் பாதம் என்று வேறு காரணங்களும் உண்டு; உனக்கு அவை எதுவும் கிடையாது.

அப்புறம் ஒரு சோதனை செய்வார்கள். நான் பிசியோதெரபியில் இருந்தபோது எனக்கு மிகவும் பிடித்த சோதனை இது. குதிகாலும் பாதத்தின் வெளியோரமும் ஒரு மரக்கட்டைமேல் இருக்க, கட்டைவிரல் பக்கம் மட்டும் கட்டைக்கு வெளியே கீழே தொங்கும்படி நிற்கவைப்பார்கள். பின்னாலிருந்து பார்க்கும்போது குதிகால் நேரானால் கோளாறு முன்பாதத்தில். குதிகால் இன்னும் இறுகவில்லை என்று அர்த்தம். நேராகாவிட்டால் அறுவை சிகிச்சையில் குதிகால் எலும்பையும் வெட்டித் திருத்த வேண்டியிருக்கும். பாதத்துக்கு நின்றபடி எடுத்த எக்ஸ்ரேதான் வேண்டும், படுத்து எடுத்ததை வாங்கிக்கொண்டு வராதே.

கடையில் விற்கும் வளைவு தாங்கும் இன்சோல் உனக்கு ஆகாது. உள்பக்கத்தைத் தூக்கி, பாதத்தை இன்னும் வெளியே சாய்த்துவிடும். உனக்கு வெளியோரம் உயர்த்தி, கட்டைவிரல் அடிமேட்டுக்குப் பள்ளம் விட்டு அளவெடுத்துச் செய்ய வேண்டும். கெண்டைக்காலை நீட்டும் பயிற்சியை இன்றே தொடங்கலாம். அறுவை சிகிச்சை என்று வந்தால் முடிந்தவரை மூட்டுகளை இணைக்காமல், தசைநாரை இடம் மாற்றி எலும்பைத் திருத்தத்தான் பார்ப்பார்கள். இப்போதே அதை நினைத்துப் பயப்படாதே.

நரம்புக் கோளாறா என்று தெரிந்துகொள்ள டாக்டரிடம் கைகளையும் காட்டு. விரலிடுக்கில் சதை வற்றியிருக்கிறதா என்று அவர் பார்க்கட்டும். சிறுநீர் கழிப்பதில் ஏதாவது மாற்றம் இருந்தால் கூச்சப்படாமல் சொல். அப்படி இருந்தால் அப்பாயின்ட்மென்ட்டுக்குக் காத்திருக்காமல் உடனே போ, எனக்கும் போன் செய்.

அம்மா