ஐஸ்கிரீம் பெட்டியில் பிழைத்த நம் இதழ்கள்: ஒரு நன்றி மடல்

அன்புடையீர், வணக்கம்.

கோவையில் அன்று பெய்த மழையையும், நம் இதழ் அறையில் தண்ணீர் ஏறிய உயரத்தையும் இங்கே மறுபடி விவரிக்கப் போவதில்லை. உங்களில் பாதிப் பேர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அந்தத் தண்ணீரிலேயே நின்றவர்கள்; மீதிப் பேர் வெளியூரிலிருந்து விடிய விடியத் தொலைபேசியில் விசாரித்துக்கொண்டிருந்தவர்கள். எண்பதுகளில் தொடங்கிய நம் மாணவர் இதழின் பழைய தொகுப்பில் பெரும்பகுதி பிழைத்துவிட்டது என்பதைச் சொல்லவும், பிழைக்க வைத்தவர்களைக் கையெடுத்துக் கும்பிடவுமே இந்த மடல்.

பழைய பேப்பர் நனைந்ததற்கா இத்தனை பதற்றம் என்று சிலர் கேட்டார்கள். முறையாகப் பதிவான இதழ் என்றால், 1954-ஆம் ஆண்டு நூல் ஒப்படைப்புச் சட்டப்படி அதன் பிரதி சென்னை கன்னிமாரா போன்ற நூலகங்களுக்குப் போயாக வேண்டும். ஊரில் அழிந்தாலும் அங்கே தேடலாம். நம் இதழோ கடைசிப் பக்கத்தின் அடியில் ‘தனிச்சுற்றுக்கு மட்டும்’ என்று ஒரு வரியைப் போட்டுக்கொண்டு, பதிவு, அறிவிப்பு, அலுவலக அலைச்சல் எல்லாவற்றிலிருந்தும் ஒதுங்கியே வளர்ந்தது. அந்த வரி கொடுத்த சுதந்திரத்தை எல்லாத் தலைமுறை ஆசிரியர் குழுவும் அனுபவித்திருக்கிறது. ஆனால் அந்த அறையில் இருந்ததைத் தவிர வேறு முழுத் தொகுப்பு எங்குமே கிடையாது என்பதும் அதே வரியின் விளைவுதான்.

ஈரத் தாளில் இரண்டு மூன்று நாளில் பூஞ்சை பிடித்துவிடும், அத்தனையையும் ஒரே நேரத்தில் உலர்த்த உங்களால் முடியாது, ஆகவே உறைய வைத்துவிட்டுக் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்து உலர்த்துங்கள் என்று பழந்தாள் பராமரிப்பில் தேர்ந்த நூலகர் ஒருவர் தொலைபேசியில் சொன்னபோது, எங்களுக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. கல்லூரி விடுதி மாணவர்களிடம் உறைபெட்டிக்கு எங்கே போவது? இரண்டாமாண்டு மாணவர் ஒருவர், தாம் பகுதி நேரமாக வேலை பார்க்கும் சிங்காநல்லூர்ப் பக்கத்து ஐஸ்கிரீம் கிடங்கின் உரிமையாளரிடம் தயங்கித் தயங்கிக் கேட்டார். அவர் பதில் இவ்வளவுதான்: “மழக்காலத்துல ஐஸ்கிரீம் யாருங்க கண்ணு திங்கறாங்க? பொட்டி சும்மாதான் கெடக்குது, கொண்டாந்து வையுங்க.”

அவர் நம் பல்கலைக்கழகத்தில் படித்தவர் அல்லர். நம் இதழை அதற்கு முன் கண்ணால் பார்த்ததும் இல்லை. நாங்கள் சேறு சொட்டச் சொட்டக் கொண்டுபோன கட்டுகளைப் பாலித்தீன் தாளில் சுற்றித் தம் கையாலேயே அடுக்கினார். மின்சாரம் போனபோதெல்லாம் கடைக்கு வைத்திருந்த ஜெனரேட்டரை இந்தப் பெட்டிகளுக்காக ஓட்டினார். வாடகைப் பேச்சை எடுத்தபோது தேநீர் வரவழைத்துப் பேச்சை மாற்றிவிட்டார். அவருடைய சரக்கு நோட்டைப் பார்த்தேன். குல்ஃபி, கப், கோன் என்று வரிசையாக இருப்பு எழுதிவந்த அந்தப் பக்கத்தில், அதே கையெழுத்தில், ‘1987 பேப்பர் – 2 கட்டு’ என்று ஒரு வரி இருந்தது. பெயர் போடக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டதால் போடவில்லை. அண்ணா, இதைப் படிக்கும் எல்லோருக்கும் நீங்கள் யாரென்று தெரியும்.

நாளிதழுக்கு நான்கு பக்கம் தரும் தாள் நமக்கு எட்டுப் பக்கம் தரும் என்ற சிக்கனக் கணக்கில்தான் நம் முன்னோடிகள் டேப்ளாய்டு அளவைத் தேர்ந்தெடுத்தார்களாம். அந்தச் சிக்கனம் இப்போதும் உதவியது: கட்டுகளை மடிக்காமலே பெட்டியில் படுக்க வைக்க முடிந்தது. சாதாரண அச்சுத்தாளில் வந்த இதழ்கள் பக்கம் பக்கமாகப் பிரிந்து வந்தன. மாறாக, 2010-இல் இங்கே நடந்த செம்மொழி மாநாட்டை ஒட்டி, பெருமைக்காக வழவழப்புத் தாளில் கொண்டுவந்த சிறப்பிதழ், தாளின் மேல்பூச்சு ஒட்டிக்கொண்டதால் ஒரே பலகையாகிவிட்டது. அதை மட்டும் காப்பாற்ற முடியவில்லை.

உலர்த்தும்போது படிக்காமல் இருக்க முடியுமா? 1978-இலேயே அரசு எழுத்துச் சீர்திருத்தத்துக்கு ஆணையிட்டுவிட்டது. ஆனால் நம் முதல் இதழ்களில் ‘லை’யும் ‘னை’யும் பழைய கொம்போடுதான் நிற்கின்றன, ஏனெனில் புதிய ஈய எழுத்து வாங்க அந்தச் சிறிய அச்சகத்துக்கு வசதியில்லை. 1925-இல் ஈரோட்டில் தொடங்கிய ‘குடிஅரசு’ இதழில், பெரியார் 1935-லேயே நடைமுறைப்படுத்திய மாற்றம் அது. ஈரோட்டிலிருந்து கோவைக்கு வந்துசேர அரை நூற்றாண்டு ஆகியிருக்கிறது என்று சிரித்துக்கொண்டோம். சிரிப்பு நின்றது 1998 பிப்ரவரி இதழில். குண்டுவெடிப்புக்குப் பின் வந்த அந்த இதழின் முதல் பக்கத்தில் தலையங்கம் இல்லை, படம் இல்லை. குருதி கொடுக்க முன்வந்த மாணவர்களின் பெயர், குருதி வகை, விடுதி அறை எண் மட்டுமே பத்தி பத்தியாக இருந்தன. ஆசிரியர் குழுவின் பெயர்களும் அந்தப் பட்டியலுக்குள்தான் கிடந்தன.

தாள்களுக்கு இடையே வைக்க வெள்ளைப் பனியன் துணியை மூட்டையாக அனுப்பிய திருப்பூர் நண்பர்கள், கல்யாண மண்டபத்து மின்விசிறிகளை இறக்கிக் கொடுத்த பந்தல்காரர், நள்ளிரவில் உப்புமா கிண்டிய விடுதிச் சமையற்காரர்கள், தேர்வுக்கு நடுவே வந்து பக்கம் பிரித்த மாணவ மாணவியர், பணம் அனுப்பிய முன்னாள் மாணவர்கள் அனைவருக்கும் எங்கள் நன்றி.

உலர்ந்தவற்றை ஒளிவருடிப் படியெடுக்கத் தொடங்கிவிட்டோம். இனி ஒவ்வோர் இதழும் குறைந்தது மூன்று ஊர்களில் இருக்கும் என்று உறுதி சொல்கிறோம். புதிய ஆசிரியர் குழு இதழை முறைப்படி பதிவு செய்யவும் முடிவெடுத்திருக்கிறது. இன்னும் சில கட்டுகள் உறைபெட்டியிலேயே இருக்கின்றன. மாசி முடிந்து வெயில் ஏறினால் அண்ணனுக்கு வியாபாரம் தொடங்கிவிடும். அதற்குள் பெட்டிகளைக் காலி செய்து, கழுவித் துடைத்துக் கொடுத்தாக வேண்டும். ஞாயிற்றுக்கிழமைகளில் கைகொடுக்க முடிந்தவர்கள் காலையிலேயே வந்துவிடுங்கள்.

நன்றியுடன்,
இதழின் பழைய, புதிய ஆசிரியர் குழுக்கள் சார்பில்,
முன்னாள் ஆசிரியர் ஒருவர்